கார்மேகம் வெச்ச பதினாலு தக்கை

குவைத்தில் ஃபஹாஹீல் கடற்கரையில் இருந்த அந்த போட் யார்டில் கார்மேகம் மதிக்கிற ஆள் ஒரே ஒருத்தன்தான். அவன் பெயரும் கார்மேகம்தான். மற்ற எல்லாரும் அவன் கண்ணுக்கு வேலை தெரியாத பயல்கள். முதலாளி குவைத்தி, அவருக்கு போட்டை ஓட்டத் தெரியும், எஞ்சின் மூடியை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாது. பெயிண்ட் அடிக்கிறவர்கள் துடைப்பதற்குத்தான் லாயக்கு. மேனேஜர் சேதுமாதவனைப் பற்றிக் கேட்டால் கார்மேகம் வாயால் பதில் சொல்ல மாட்டான், மூக்கால் ஒரு சத்தம் வரும்.

இத்தனைக்கும் ஆள் முதுகுளத்தூர் பக்கம். கண்மாயில் தண்ணி வந்தாலே ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். கடலை முதன்முதலாகப் பார்த்ததே குவைத்துக்கு விமானம் ஏறின அன்றைக்கு மேலே இருந்துதான். யார்டுக்குக் கூட்டிப் பெருக்க வந்தவன், ஊரில் டீசல் பம்ப் செட் பிரித்து மாட்டின கையோடு மெல்ல எஞ்சின் பக்கம் நகர்ந்து, ஒன்பது வருஷத்தில் தலைமை மெக்கானிக் ஆகிவிட்டான். வேலைக்காரன்தான், அதில் பழுது சொல்ல முடியாது. வேலை தெரிந்தவனுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கலாம். இவனுக்கு இருந்த திமிரை வைத்து நாலு பேர் பிழைக்கலாம்.

யார்டில் முக்கியமான வேலை குளிர்காலத்துக்கு எஞ்சினைப் படுக்க வைப்பது. நவம்பர் கடைசியில் குவைத்திகள் எல்லாம் பாலைவனத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடலில் காற்றும் மோசமாக இருக்கும். போட்டெல்லாம் கரையேறி, தாங்கிக் கட்டைமேல் மூன்று மாசம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற எஞ்சினைச் சும்மா விட்டால் உப்பு அரித்துத் தின்றுவிடும்.

சேதுமாதவனுக்கு இது புரியவில்லை. நாகர்கோவில்காரர், டிப்ளமோ படித்தவர், எதையும் இங்கிலீஷ் புத்தகத்தில் பார்த்துத்தான் நம்புவார். ஏரியெல்லாம் உறைந்து பனிக்கட்டியாகிற ஏதோ தேசத்தில் எழுதின புத்தகம் அது. எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்தால் இரும்பே வெடித்துவிடும், அதனால் உறையாத திரவம் ஊற்ற வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மனுஷன் அப்படியே நம்பி, ரோஸ் கலரில் இருபது கேன் வரவழைத்துவிட்டார். எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து விளக்கமும் சொன்னார். கார்மேகம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இந்த யார்டுல ஐஸ் இருக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான். உங்க ஆபீஸ் ஃப்ரிட்ஜு. அதுல வேணா ரெண்டு கேன் ஊத்திப் பாருங்க" என்றான். ஹிந்தியில் வேறு சொன்னான், எல்லாருக்கும் புரியட்டும் என்று. யார்டே சிரித்தது. சேதுமாதவன் அதை மறக்கவே இல்லை.

கார்மேகத்தின் சாமானில் கடையில் வாங்கினது ஒன்றும் கிடையாது. காலிப் பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, வாஷிங் மெஷின் குழாயைச் சொருகிப் பசை வைத்திருப்பான். மறுமுனையை எஞ்சினின் தண்ணி ஹோஸில் மாட்டி, வாளியில் நல்ல தண்ணியும் வினிகரும் கலந்து ஊற்றி எஞ்சினை ஓடவிட்டால், உள்ளே காய்ந்து கிடக்கிற உப்பெல்லாம் கரைந்து வெளியே வரும். முடிவெட்டுகிற கடையில் தலைக்குத் தண்ணி அடிப்பார்களே, அந்த ஸ்ப்ரே பாட்டில் ஒன்றை ஜும்மா பஜார் என்கிற வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொறுக்கி வந்திருந்தான். அதில் ஆயிலும் கொஞ்சம் டீசலும் கலந்து, எஞ்சின் மூச்சு இழுக்கிற வாயில் புஸ் புஸ்ஸென்று அடிப்பான். வெள்ளைப் புகை குமுறினதும் சாவியை அணைத்துவிடுவான். அப்புறம் உள்ளே எல்லா இடத்திலும் எண்ணெய் பூசினபடி இருக்கும், துரு அண்டாது. சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்துத்தான் குழாய் சந்துகளைச் சுரண்டுவான். எலி வராமல் இருக்க அந்துருண்டையைப் பழைய சாக்ஸில் போட்டுக் கட்டித் தொங்கவிடுவான்.

கடைசியாக, புகை போகிற குழாயையும் மூச்சு வாயையும் பழைய கைலித் துணியால் அடைப்பான். அடைத்த கையோடு ஒவ்வொரு அடைப்புக்கும் ஒன்றாக ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுவான். உள்ளே துணி இருக்கிறது, எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணாதே என்று அர்த்தம். ஒரு தடவை எவனோ அவசரக்குடுக்கை துணியோடு ஸ்டார்ட் பண்ணி எஞ்சினே போய்விட்டது. அன்றைக்கு கார்மேகம் போட்ட சட்டம் அது. எங்கே எதை அடைத்தாலும் அதற்கென்று தனியாக ஒரு சிவப்புத் துணி கட்டியாக வேண்டும். கட்டாதவனைத் தாயைப் பிள்ளையை இழுத்துத் திட்டுவான்.

இவ்வளவு பெரிய சூரனுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. லீவு.

வளைகுடாவில் இருக்கிறவனுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. லீவில் போகிறவன் சீட்டில் தற்காலிகமாக ஒருத்தன் உட்காருவான். உட்கார்ந்தவன் நல்லவனாக இருந்தால் பிரச்சினை, கெட்டிக்காரனாக இருந்தால் பெரிய பிரச்சினை. ஊரில் இருக்கிறவனுக்கு ஒருநாள் போன் வரும், விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிந்தது என்று. பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒருத்தனுக்கு அப்படித்தான் ஆனது. அவன் பெட்டியைக்கூட ரூம்காரர்கள்தான் யாரிடமோ கொடுத்து அனுப்பினார்கள். அதனால் கார்மேகம் நாலு வருஷமாக லீவு எடுக்கவே இல்லை. கேட்டால், நான் போய்விட்டால் இங்கே யார் பார்ப்பது என்பான். என்னமோ குவைத் கடலே அவன் பிடித்திருக்கிற பிடியில்தான் நிற்கிற மாதிரி.

அவன் பெண்டாட்டி வடிவு வெள்ளிக்கிழமை போனில் முதலில் எல்லாம் எப்போது வருவீர்கள் என்று கேட்பாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். 2005 அக்டோபரில் ஒருநாள் பேச்சுவாக்கில், "வாசல்ல பேண்ட் போட்டு யாராச்சும் வந்தா புள்ள உள்ள ஓடி ஒளிஞ்சுக்குது. நீங்க வந்தாலும் ஓடத்தான் செய்யும்" என்றாள். மகள் அருணாவை அவன் கடைசியாகப் பார்த்தது ஒன்றரை வயதில். கார்மேகம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் போய் லீவு எழுதிக் கொடுத்தான், டிசம்பர் முதல் வாரத்தில் இருந்து பிப்ரவரி இருபது வரைக்கும்.

சேதுமாதவன் உடனே கையெழுத்துப் போட்டார். அதுதான் கார்மேகத்தைச் சந்தேகப்பட வைத்தது. கொஞ்சமாவது இழுத்தடிக்க வேண்டாமா? "தாராளமா போயிட்டு வாங்க. நான் ஆள் பார்த்துட்டேன்" என்றார், பல் தெரியச் சிரித்து.

வந்த ஆள் முகம்மது ரிபாய். தொண்டிக்காரன், முப்பது வயது இருக்கும். ஃபஹாஹீலில் மாமா வைத்திருந்த பக்காலாவில் அரிசி பருப்பு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஊரில் சொந்தத்தில் மீன்பிடி லாஞ்ச் இருந்ததாம், சின்ன வயதிலிருந்தே எஞ்சினோடு புழங்கினவனாம். கார்மேகம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மளிகைக் கடைப் பாய் எஞ்சினைப் பொட்டலம் கட்டத்தான் வந்திருக்கிறார் என்று பெயிண்டர்களிடம் சொன்னான். வேலை பழக்கிவிட வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. கார்மேகம் பழக்கினான் பாருங்கள். எஞ்சினைத் திறக்கும்போது ரிபாயை டீ வாங்க அனுப்புவான். அவன் திரும்பி வரும்போது மூடியைப் பூட்டிக்கொண்டிருப்பான். கூடவே நின்றால் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்ப்பான். ரிபாய் எதற்கும் முகம் கோணவில்லை, சரிண்ணே சரிண்ணே என்று டீ வாங்கி வந்தான். அந்த அமைதி கார்மேகத்துக்கு இன்னும் எரிச்சல்.

கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் அந்த வேலையைச் செய்தான். ரொம்ப ரசித்துத்தான் செய்தான்.

பழைய ரப்பர் செருப்பு ஏழெட்டு சேர்த்து வைத்திருந்தான். அதைக் கத்தியால் வட்டவட்டமாக அறுத்துப் பதினாலு தக்கை செய்தான். அந்த வருஷம் கரையேற்றினது பதினாலு போட். கடல் தண்ணியை எஞ்சினுக்கு இழுத்து வருகிற ரப்பர் ஹோஸ் இருக்கிறதல்லவா, ஒவ்வொரு போட்டிலும் அதைக் கழற்றி, ஒரு முழம் உள்ளே தக்கையைத் தள்ளி, திரும்ப மாட்டி கிளிப்பை இறுக்கிவிட்டான். வெளியே இருந்து பார்த்தால் சாமிக்கே தெரியாது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் தண்ணி ஏறாது. ரெண்டு நிமிஷத்தில் பம்ப் கருகும், அப்புறம் எஞ்சின் கொதிக்கும். சிவப்புத் துணி? தக்கைக்கென்று அதை எதற்குக் கட்டுவான்.

அவன் கணக்கு இதுதான். பிப்ரவரி கடைசியில் குவைத் தேசிய தின விடுமுறை, அதற்காக மாசத் தொடக்கத்திலேயே எல்லாரும் போட்டை இறக்கச் சொல்வார்கள். மளிகைக் கடைக்காரன் ஒன்றை ஸ்டார்ட் பண்ணிக் கெடுப்பான், இரண்டாவதையும் கெடுப்பான், என்ன ஏது என்று புரியாமல் முழிப்பான். சேதுமாதவன் புத்தகத்தைப் புரட்டுவார். கடைசியில் முதுகுளத்தூருக்குப் போன் வரும், கார்மேகம் வாங்க, நீங்க இல்லாம ஒண்ணும் ஆகாது என்று. எஞ்சின்களைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒன்பது வருஷமாகப் பீற்றிக்கொண்டவன், பதினாலு பிள்ளைகளின் தொண்டையையும் அடைத்துவிட்டு நிம்மதியாக விமானம் ஏறினான்.

ஊரில் எண்பது நாள். அருணா முதல் வாரம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இரண்டாவது வாரம் மிட்டாய்க்கு வந்தாள், மூன்றாவது வாரம் முதுகில் ஏறினாள். கார்மேகத்துக்கு அதை அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. கையில் எந்நேரமும் செல்போன். வீட்டுக்குள் சிக்னல் வராது என்று மொட்டை மாடியிலேயே குடியிருந்தான். டீக்கடையில், நான் இல்லாமல் அங்கே ஒரு போட் நகராது, பாருங்கள் இப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். எவனோ கடன்காரன் கூப்பிடுவான் என்று காத்திருக்கிற மாதிரி எதற்கு மாடியிலேயே கிடக்கிறீர்கள் என்று வடிவு கேட்டாள். அவன் எரிந்து விழுந்தான்.

பிப்ரவரி வந்தது, போன் வரவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று இவனே சேதுமாதவனைக் கூப்பிட்டு, காய்ச்சலாக இருக்கிறது, வருவதற்குப் பத்து நாள் தாமதமாகும் என்று பொய் சொன்னான். மறுமுனையில் பதற்றத்தை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"அப்படியா? நல்லா ரெஸ்ட் எடுங்க கார்மேகம். இங்க ஒண்ணும் அவசரமில்ல" என்றார் சேதுமாதவன்.

ஒன்றும் அவசரமில்லை. அந்த ஒரு வார்த்தையில் காய்ச்சல்காரனுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது. மறுநாளே மதுரைக்கு ஓடி, கிடைத்த டிக்கெட்டைப் பிடித்து, லீவு முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே குவைத்தில் இறங்கினான். வாசலில் நின்ற பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு வந்தானா என்றுகூட அவனுக்கு ஞாபகமில்லை.

யார்டுக்குள் நுழைந்தால் தாங்கிக் கட்டைகள் எல்லாம் காலியாக நின்றன. பதினாலு போட்டும் தண்ணியில் இருந்தன. அதில் ஒன்றை முதலாளியின் மகன் கரையோரமாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். எஞ்சின் பின்னால் தண்ணியை அருவியாகக் கொட்டியது. கார்மேகம் பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். பெயிண்டர்கள் சலாம் சொன்னார்கள், அவன் தண்ணியில் இருந்த போட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

சேதுமாதவன் ஆபீசுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். கார்மேகத்தின் வாய்த் துடுக்கு அவருக்குப் பிடிக்காது. ரிபாயை நிரந்தரமாக வைத்துக்கொண்டு இவன் விசாவை முடித்துவிடலாம் என்று முதலாளியிடம் பேசியே ஆகிவிட்டதாம். காகிதம்கூட ரெடியாம். மாட்டேன் என்று சொன்னது ரிபாய்தானாம்.

"எல்லா போட்லயும் தண்ணி ஹோஸ்குள்ள தக்கை வெச்சு அடைச்சிருக்காரு சார், பூச்சி பொட்டு, உப்புக் காத்து எதுவும் பம்புக்குப் போகக் கூடாதுன்னு. இவ்வளவு அக்கறையா பாக்கிற ஆளை அனுப்பிட்டு என்னை வெக்காதீங்கன்னான்" என்றார் சேதுமாதவன். "எனக்கே ஆச்சரியம்தான். எந்தப் புத்தகத்துலயும் இது இல்ல."

சொல்லிவிட்டு ஒரு பேப்பரைத் தள்ளினார். வரும் வருஷத்திலிருந்து யார்டில் குளிர்காலத்துக்குப் படுக்க வைக்கிற எல்லா போட்டுக்கும் தண்ணி ஹோஸில் தக்கை வைக்க வேண்டும் என்று இங்கிலீஷில் டைப் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டு, சீல் வேறு குத்தியிருந்தார். செருப்பு ரப்பர் பார்க்க நன்றாக இல்லை, நல்ல தக்கையாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று கார்மேகத்திடம் யோசனையும் கேட்டார். இப்படிப்பட்ட அறிவாளியிடம் என்னத்தைச் சொல்வது. கார்மேகம் தலையை மட்டும் ஆட்டினான்.

ரிபாய் போட் கட்டுகிற ஜெட்டி ஓரத்தில் வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். கார்மேகத்தின் வாளிதான். போக்ஸ் கம்பி, ஸ்ப்ரே பாட்டில், எல்லாம் துடைத்து வரிசையாக இருந்தது. காய்ச்சல் எப்படிண்ணே இருக்கு என்று கேட்டான். பிள்ளை ஒட்டிக்கொண்டாளா என்றும் கேட்டான். கார்மேகம் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ரிபாயே சொன்னான். "முதல் போட்டை ஸ்டார்ட் பண்ணேன், வாளித் தண்ணி குறையல. உடனே அணைச்சிட்டேன். ஹோஸைக் கழட்டிப் பாத்தா தக்கை. மத்த பதிமூணையும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

"மறந்துட்டேன் பாய், சொல்லணும்னு நெனச்சேன்" என்றான் கார்மேகம்.

ரிபாய் நிமிர்ந்து பார்த்தான். "ஸ்டியரிங்ல தக்கைக்குன்னு சிவப்புத் துணி இல்லண்ணே. ஒரு போட்டுன்னா மறதின்னு சொல்லலாம்."

கார்மேகம் ஜெட்டியின் திண்டில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம், தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டான்.

"உள்ளதைச் சொன்னா நீங்க போலீஸ் ஸ்டேஷன்ல நிப்பீங்க, நான் உங்க சீட்டுல இருப்பேன். தினமும் அதுல உக்காந்து எனக்குச் சோறு எறங்காதுண்ணே" என்றான் ரிபாய். அவ்வளவுதான். சாயங்காலம் பக்காலாவுக்குத் திரும்பிப் போனான், அரிசி பருப்பு நிறுக்க.

இனி கார்மேகம் திருந்தியிருப்பான் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குக் கார்மேகத்தைத் தெரியாது. மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. மூன்றே மாசத்தில் பழைய எகத்தாளம் அத்தனையும் திரும்பி வந்தது. பாராட்டு ஒன்றும் கசக்கவில்லை; புது ஆட்களிடம் அந்தத் தக்கை என் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளவும் ஆரம்பித்தான். சீல் குத்தின உத்தரவுப்படி வருஷாவருஷம் பதினாலு, பதினாறு என்று தக்கை வைத்தான், சிவப்புத் துணியும் கட்டினான். ரிபாயின் பக்காலா பக்கம் மட்டும் போவதில்லை. பல் தேய்க்கிற பேஸ்ட் வாங்கக்கூட இரண்டு தெரு சுற்றிப் போனான்.

லீவு பயம் மட்டும் இன்னும் முற்றிப்போனது. அவன் அதற்கப்புறம் லீவே எடுக்கவில்லை. 2008 வந்தது, சேதுமாதவனே கூப்பிட்டு, போய்விட்டு வாருங்கள், உங்கள் சீட்டுக்கு நான் கேரண்டி என்றார். நிஜமாகவே சொன்னார், அவருக்கு இப்போது கார்மேகம் என்றால் தனி மரியாதை. தற்காலிகத்துக்கு மூன்று பேரைக் காட்டினார். மூன்று பேரும் சாதுவான ஆட்கள்தான். கார்மேகம் ஒவ்வொருத்தனையும் அரை நாள் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் சார் என்று லீவு பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வடிவு போனில் பிடித்துக்கொண்டாள். அருணாவுக்கு எட்டு வயசு ஆகப் போகிறது, அப்பா முதுகில் ஏறினது அவளுக்கு மறந்தே போய்விட்டது, மேனேஜரே போ என்கிறார், அப்புறம் என்னதான் கேடு என்று கேட்டாள். போன தடவை ஒரு பாய் வந்து நல்லபடியாகத்தானே பார்த்துக்கொண்டார் என்றாள். அன்றைக்குத்தான் கார்மேகம் முதன்முதலாக அதைப் பற்றி ஒருத்தரிடம் வாயைத் திறந்தான். செருப்பை அறுத்தது, பதினாலு ஹோஸிலும் அடைத்தது, துணி கட்டாமல் விட்டது, ரிபாய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னான்.

"அந்த பாய் மாதிரி ஒருத்தன் வருவான்னு என்ன நிச்சயம்? என்னை மாதிரி ஒருத்தன் வந்துட்டா?" என்றான்.

"அப்ப அங்கயே காவலுக்கு இருங்க" என்று சொல்லிவிட்டு வடிவு போனை வைத்தாள்.